அப்பு ரேப்பு

நடுவர் அவர்களே, இரு அணியினரே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நகரிப் பெருமக்களே, வணக்கம். தொழிலில் ஒருவரை உயர்த்துவது கிடைத்த ஆதரவா, பட்ட அவமானமா? அவமானமே என்கிறது எங்கள் அணி.

ஸ்பெயின்காரர் அமான்சியோ ஒர்த்தேகா. ஜாரா துணிக்கடைகளைத் தொடங்கியவர். அப்பா ரயில்வே ஊழியர், அம்மா வீட்டு வேலை செய்தவர். ஒரு மாலை அம்மாவோடு மளிகைக் கடைக்குப் போகிறான் பையன். மேசை உயரம், கடைக்காரர் முகமே தெரியவில்லை. குரல் மட்டும் கேட்கிறது: இனிக் கடன் தர முடியாதம்மா. முகம் தெரிந்திருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டு மறந்திருப்பான். குரலை எங்கே போய்த் திட்டுவது? அது வீடுவரை கூடவே வருமே! ஆந்திராவில் இருக்கும் நம் ஊரில் அந்தக் குரலுக்கும் வேலையில்லை, தெலுங்குப் பலகையே சொல்லிவிடுகிறது: ‘அப்பு ரேப்பு’. கடன் நாளை. நாளை போனாலும் அதே பலகை, அதே நாளை!

எதிரணி அண்ணன் கேட்டார்: “கடன் மறுக்கப்பட்டவனெல்லாம் கோடீஸ்வரன் என்றால் நகரியில் பாதிப்பேர் கோடீஸ்வரர்கள் ஆகியிருக்க வேண்டுமே?” நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். ஆனால் அண்ணா, அந்தப் பையன் பள்ளியை விட்டுவிட்டுச் சட்டைக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். நீங்கள் சொல்லும் ஆள் அடுத்த மளிகைக் கடைக்கல்லவா போனார்! மூன்றாவது கடையில், “என்னை நம்பலாம், முதல் இரண்டு கடையிலும் கேட்டுப் பாருங்கள்” என்றாராம். கேட்டார்கள். இரண்டு கடைக்காரர்களும் நேரிலேயே வந்துவிட்டார்கள்!

எடுபிடிப் பையன் 1963இல் குளியல் அங்கி தைத்து விற்கத் தொடங்கினார். 1975இல் முதல் ஜாரா கடை. 2017இல் ஸ்பெயினின் அரசு மருத்துவமனைகளுக்குப் புற்றுநோய்க் கருவிகள் வாங்க அவருடைய அறக்கட்டளை அறிவித்தது 32 கோடி. ரூபாய் அல்ல அண்ணா, யூரோ. அன்று அந்தக் கடைக்காரர் கடன் கொடுத்திருந்தால்? பையன் மறுநாள் பள்ளிக்கூடம் போயிருப்பான். எனக்குப் பேச ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

மணி அடிக்கிறீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். என் அம்மா தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தவர். ஆடியில் தறி ஓடவில்லை, கூலி இல்லை. அரிசிக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். நான் சர்க்கரை மூட்டை உயரம். கடைக்காரர் பேசவில்லை, விரலால் பலகையைக் காட்டினார். அம்மாவுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது; ஆனாலும் புரிந்துகொண்டார். வெறும் பையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டாள், “அரிசி எங்கே?”

“கடையில் தீர்ந்துவிட்டதாம்” என்றார் அம்மா.

கூரை முட்ட மூட்டை இருந்தது நடுவர் அவர்களே. நான் பார்த்தேன்.