நாலாவது ஆளுக்கும் மெடல்!

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே அனல் கொளுத்துகிறது, நான் இங்கே உட்கார்ந்து பனியில் சறுக்குகிறவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அமெரிக்காவின் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் ஒரு விசித்திரம் உண்டு. தங்கம், வெள்ளி, வெண்கலத்தோடு நிறுத்த மாட்டார்கள். நாலாவதாக வந்தவருக்கும் மேடையில் இடம், கழுத்தில் மெடல். பியூட்டர் என்கிற உலோகத்தின் பெயரில் கொடுப்பது. அதில் பெரும்பங்கு வெள்ளீயம். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இருக்கிறதே, அதே சரக்குதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

அப்புறம், ஃபிகர் என்றதும் சிரிக்காதீர்கள்! லைசன்ஸுக்கு எட்டு போடுகிறோமே, அதுபோல அந்தக் காலத்தில் போட்டியில் ஒற்றைக் காலில் பனி மேல் எட்டு போடுவார்கள். அந்த வடிவத்துக்குத்தான் ஃபிகர் என்று பெயர். நடுவர்கள் குனிந்து, சில சமயம் மண்டியிட்டு, பிளேடு கீறிய கோட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள்.

முதல் போட்டி 1914இல், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் நடந்தது. ஆண்கள் பட்டத்தைக் கொண்டுபோனவர் நார்மன் ஸ்காட் என்ற கனடாக்காரர்! பெண்களில் பாஸ்டனின் தெரசா வெல்ட். 1920 ஒலிம்பிக்கில் இவர் ஒரு ஜம்ப் செய்தபோது பாவாடை மேலே பறக்கிறது, பெண்ணுக்கு அழகல்ல என்று நடுவர்கள் கண்டித்தார்களாம். அவர் பாட்டுக்கு வெண்கலத்தோடு ஊர் திரும்பினார்.

சரி, என் கட்சி மாரிபெல் வின்சன்தான். 1928 முதல் 1937 வரை ஒன்பது தேசியப் பட்டங்கள், நடுவில் 1934 மட்டும் விட்டுப்போனது. அப்புறம் கோச் ஆனார். 1961இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவருடைய இரண்டு மகள்களும் ஒரே போட்டியில் சாம்பியன்கள். 16 வயது லாரன்ஸ் தனிநபர் பிரிவில், அக்கா மாரிபெல் ஜோடிப் பிரிவில். அடுத்த மாதம் உலகப் போட்டிக்காக பிராக் கிளம்பினார்கள். பிப்ரவரி 15 அன்று பிரஸ்ஸல்ஸ் அருகே விமானம் விழுந்தது. அம்மாவும், இரண்டு மகள்களைச் சேர்த்து அமெரிக்க அணியின் 18 வீரர்களும் போய்விட்டார்கள். அந்த வருட உலகப் போட்டியையே ரத்து செய்தார்கள்.

அம்மா மாரிபெல்லின் மாணவர்களில் ஒருவர் ஃபிராங்க் கேரல். அவரும் கோச் ஆனார். அவரிடம் வந்து சேர்ந்த சிறுமி மிஷெல் குவான். 1996இல் முதல் பட்டம், 2005இல் ஒன்பதாவது. அதாவது, கோச்சின் கோச் வைத்திருந்த அதே எண்! கடைசி நாலு பட்டங்கள் கேரலைப் பிரிந்த பிறகு வந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் பிடித்துக்கொள்வீர்கள்.

1994 டெட்ராய்ட் கதை வேண்டுமென்று கேட்பீர்கள். ஸ்கேட்டர் நான்சி கெரிகனின் காலில் தடியால் அடித்தது, எதிராளி டோன்யா ஹார்டிங் வென்றது, அந்தத் தாக்குதலில் சம்பந்தம் என்று பிறகு ஹார்டிங்கின் பட்டத்தைப் பறித்தது, எல்லாம் நூறு பேர் பேசியாகிவிட்டது. யாரும் பேசாத ஒன்று: அன்று இரண்டாம் இடம் 13 வயது குவானுக்கு. ஆனால் பறித்த பட்டத்தை அவருக்குக் கொடுக்கவில்லை, காலியாகவே விட்டுவிட்டார்கள்.

இப்போது பியூட்டருக்கு வருவோம். மாக்சிம் நௌமோவ் 2023, 2024, 2025 என்று மூன்று வருடமும் நாலாம் இடம். 2025 போட்டி விசிட்டாவில். அவர் முன்னதாகவே வீடு திரும்பிவிட்டார். சில நாள் கழித்து விசிட்டாவிலிருந்து வாஷிங்டன் வந்த விமானம் ராணுவ ஹெலிகாப்டரில் மோதியது. அதில் அவருடைய அப்பா அம்மா, இருவருமே அவருக்குக் கோச். அவர்கள் வேலை பார்த்தது பாஸ்டன் கிளப்பில். மாரிபெல் குடும்பத்தின் அதே கிளப்.

2026 ஜனவரி, செயின்ட் லூயிஸ். ஆடி முடித்து ஸ்கோருக்காக உட்கார்ந்திருக்கிறார் மாக்சிம். கையில் ஒரு பழைய போட்டோ: பனித்தரையில் பொடியனாக அவர், இரண்டு பக்கமும் அப்பா அம்மா. அன்றைக்கு வெண்கலம்.