ஒரு சாவுக்கு விடை கேட்கும் புத்தகங்கள்

(வாசிப்பு மாதத்தையொட்டி வன்னியின் பொதுநூலகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூலகர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒக்ரோபர் வந்தால் ஊர் ஊராக வாசிப்பு மாதக் கூட்டம் வைக்கிறோம். அந்தக் கூட்டங்களில் துப்பறியும் நாவலுக்கு யாரும் கதிரை போடுவதில்லை. இன்றைக்கு மர்மக்கதை, உளவுக்கதை, திகில்கதை இந்த மூன்றையும் பற்றிக் கதைக்கப்போகிறேன் என்றதும், "பிள்ளைகள் இருக்கிற சபையில் கொலைக்கதையா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொல்லவேண்டிய பதிலிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா, வைகாசியில் நீங்கள் வற்றாப்பளைக்குப் போவீர்கள்தானே. கடல்நீரில் விளக்கெரிகிற அந்தப் பொங்கலுக்கு வன்னியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் போகிறது. அங்கே நாங்கள் கும்பிடுகிறவளின் கதை என்ன? ஒரு சிலம்பு களவு போகிறது. அரசன் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்கிறான். குற்றம் செய்யாத ஒருவன் வெட்டுப்படுகிறான். அவனுடைய மனைவி சபைக்குள் நுழைந்து அரசனைப் பார்த்து "தேரா மன்னா" என்கிறாள். அழுதுவிட்டுத் திரும்பிப் போகவில்லை, கையில் சான்றோடு வந்திருக்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. ஒரு பொருட்சான்றை வைத்து ஒரு தீர்ப்பையே கவிழ்த்த கதை இது. இதைக் கோவில் வாசலில் வைத்துக் கும்பிடுகிற நாங்கள், துப்பறியும் கதை பிள்ளைகளுக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது?

நல்ல மர்ம நாவல் செய்வதும் கண்ணகி செய்ததுதான். ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான். எப்படி, யாரால், ஏன் என்று கேட்காமல் அந்தக் கதை நகராது. விடை வரும்வரை புத்தகத்தை மூட ஆசிரியர் விடமாட்டார். இப்படிப் பிடிவாதமாகக் கேட்கிற ஒரு புத்தகத்தை, எங்கள் மண்ணில் இருந்துகொண்டு, பொழுதுபோக்கு என்று தள்ளிவைக்க என்னால் முடியவில்லை.

சரி, எதிலிருந்து தொடங்குவது? சாதாரண தரம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஷெர்லொக் ஹோம்ஸ் சிறுகதைகளைச் சொல்வேன். எழுதியவர் கொனன் டொயில் ஒரு டொக்டர். நோயாளியைப் பார்த்தவுடன் நோயைக் கண்டுபிடிக்கிற தன் பேராசிரியர் ஒருவரை மனதில் வைத்தே ஹோம்ஸைப் படைத்தார். 1892இல் வந்த 'சில்வர் பிளேஸ்' என்ற கதையை முதலில் எடுங்கள். பந்தயக் குதிரை ஒன்று இரவோடிரவாகக் காணாமல் போகிறது. லாயத்தில் நாய் இருந்தது. அது ஏன் குரைக்கவில்லை என்று ஹோம்ஸ் கேட்கிறார். வளவுக்கு ஒரு நாய் நிற்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதற்கு உரை தேவையில்லை. இரவில் நாய் குரைத்தால் யாரோ தெரியாத ஆள். குரைக்காமல் வாலை ஆட்டினால் வந்தவன் தெரிந்தவன். நடக்காத ஒன்றும் தடயமாகலாம் என்று காட்டிய கதை அது. ஹோம்ஸ் கதைகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் ஆங்கிலம் வராது என்று பின்வாங்குகிற பிள்ளைகள், மாணவருக்காகச் சுருக்கிய ஆங்கிலப் பதிப்பையே முதலில் எடுங்கள். அடுத்தது என்ன என்ற ஆவல் உங்களைத் தெரியாத சொல்லுக்கும் மேலாலே இழுத்துக்கொண்டு போகும். அகராதி பிறகு பார்க்கலாம்.

அடுத்தவர் அகதா கிறிஸ்டி. முதலாம் உலகப்போரில் ஆஸ்பத்திரி மருந்துப்பகுதியில் வேலை செய்தவர். நஞ்சைப் பற்றி அவர் எழுதியது கற்பனையில் வந்ததல்ல. அவருடைய 'த பேல் ஹோர்ஸ்' நாவலில் தாலியம் என்ற நஞ்சு வருகிறது. 1977இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டார் நாட்டுக் குழந்தை ஒன்று என்ன நோய் என்று தெரியாமல் கிடந்தது. அந்த நாவலை வாசித்துக்கொண்டிருந்த ஒரு தாதி, குழந்தையின் தலைமயிர் உதிர்வதைப் பார்த்து, இது தாலியமாக இருக்கலாம் என்று டொக்டர்மாருக்குச் சொன்னார். பரிசோதித்தார்கள், அதேதான். குழந்தை பிழைத்தது. உயிரியல் படிக்கிற பிள்ளைகள் இதை வீட்டில் சொல்லுங்கள். நாவல் வாசிக்க விடுவார்கள்.

கிறிஸ்டியில் ஒன்றே ஒன்று வாசிக்க நேரமென்றால் 1939இல் வந்த 'அண்ட் தென் தெயர் வேர் நன்' எடுங்கள். பத்துப்பேர் ஒரு தீவுக்கு அழைக்கப்படுகிறார்கள். கூப்பிட்டவரை யாருமே கண்டதில்லை. முதல் இரவு ஒரு கிராமபோன் இசைத்தட்டு அந்தப் பத்துப்பேர் மீதும் கொலைக்குற்றம் சாட்டுகிறது. சட்டம் எட்டிப்பிடிக்காத குற்றங்கள். பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இதில் புதிரை அவிழ்த்துக் காட்டுகிற துப்பறிவாளர் இல்லை. அந்த வேலை உங்களுடையது. 1926இல் வந்த 'த மர்டர் ஒஃப் ரோஜர் அக்ரொயிட்' நாவலைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். வாசித்தவர்களும் சொல்லாதீர்கள்.

பழையது என்று வில்கி கொலின்ஸின் 'த மூன்ஸ்டோன்' நாவலை ஒதுக்கவேண்டாம். 1868இல் வந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபோது ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரி அபகரித்த வைரம், இங்கிலாந்தின் ஒரு வீட்டிலிருந்து களவுபோகிறது. ஒருவர் மாறி ஒருவராகக் கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது கொஞ்சம். ஏற்கனவே கொள்ளையடித்த பொருள் மறுபடி களவு போனால் கள்ளன் யார் என்ற கேள்வி அந்த நாவலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீளமான புத்தகம், பொறுமை வேண்டும்.

தமிழுக்கு வருவோம். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே துப்பறியும் நாவலை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்கள். பிறகு தேவனின் சாம்பு, தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கிற தமிழ்வாணனின் சங்கர்லால். இந்தச் சபையில் நரைத்த தலைகள் பல சங்கர்லாலில்தான் எழுத்துக்கூட்டப் பழகியவை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் சுபாவையும் சுஜாதாவையும் வாசித்தோம். அட்டை போன புத்தகங்கள் வீடு வீடாகச் சுற்றின.

அவர்களில் சுஜாதாவை நான் தனியே எடுத்துவைப்பேன். அவருடைய துப்பறியும் வக்கீல் கணேஷ் முதலில் வந்தது 1968இல் 'நைலான் கயிறு' நாவலில். பிறகு உதவியாளனாக வசந்த் சேர்ந்தான். 'கொலையுதிர் காலம்' வாசியுங்கள். நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று அந்த இரண்டுபேரும் கடைசிவரை முரண்படுகிறார்கள். நீங்களும் ஒரு பக்கம் நிற்கவேண்டிவரும். ராஜேஷ்குமார் 1500க்கு மேல் எழுதிக் குவித்தவர். அந்த வேகத்தில் எல்லாம் ஒரே தரத்தில் வராது, தேடி எடுக்கவேண்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாக்கெட் நாவல்களில் சில, கொலையான பெண்ணின் உடம்பை வர்ணிப்பதற்காகவே கொலை வைத்திருக்கும். செத்தவள் யாரென்று கதைக்குக் கவலையில்லை. அவற்றை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

உளவு நாவலுக்குப் போவதற்கு முன் எங்கள் பிள்ளைகள் திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரத்தை ஒருதரம் திருப்பிப் பார்க்கவேண்டும். "ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்." ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில், ஒருவனை ஒருவன் அறியாமல் மூன்று ஒற்றரை வைத்து, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பு என்கிறார். இதை மறந்த ஒரு உளவு நிறுவனத்தின் கதைதான் கிரகாம் கிறீனின் 'அவர் மேன் இன் ஹவானா', 1958. தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்கிற ஒரு மனிதன், சம்பளத்துக்காக, அந்த இயந்திரத்தின் பாகங்களை வரைந்து, மலைக்குள் மறைத்த ஆயுதம் என்று லண்டனுக்கு அனுப்புகிறான். அவர்கள் நம்பிவிடுகிறார்கள். பொய்யான அறிக்கைக்கு உண்மையான மனிதர்கள் சாகத் தொடங்குகிறார்கள். சிரித்துக்கொண்டு வாசித்த கை அந்த இடத்தில் நின்றுவிடும். கிறீன் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை செய்தவர், தெரிந்துதான் எழுதினார்.

ஜோன் லெ காரேயும் அந்தத் துறைக்குள் இருந்தவர். 1963இல் வந்த 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃபுறம் த கோல்ட்' பேர்லினில் ஒரு சோதனைச்சாவடியில் தொடங்குகிறது. மதில் எழும்பி இரண்டு வருடம். மறுபக்கத்திலிருந்து வரவேண்டிய ஒருவனுக்காக ஒரு மனிதன் காத்து நிற்கிறான். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் கையில் அடையாள அட்டையோடு நின்றவர்களுக்கு அந்த முதல் அத்தியாயம் வேறுவிதமாக இருக்கும். வெளிநாட்டு விமர்சகர் யாரும் எங்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. ஜேம்ஸ் பொண்ட் நாவல்களை ஒரு மத்தியானத்தில் முடிக்கலாம். லெ காரே அப்படியில்லை. பெரிய அரசுகள் சின்ன மனிதர்களை எப்படிச் செலவழிக்கின்றன என்பது அவருடைய விடயம். உயர்தரம் முடித்த பிறகு வாசியுங்கள்.

இன்னொரு உளவு நாவல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அந்தப் பெயரில் யாரும் வாசிப்பதில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. ஆழ்வார்க்கடியான் முதலமைச்சரின் ஒற்றன். இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி ஈழத்தில் நடக்கிறது. வந்தியத்தேவன் மாதோட்டத்துக்கு வருகிறான், எங்கள் திருக்கேதீஸ்வரம் இருக்கிற அதே மாதோட்டம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைக் கல்கி வெளிச்சமாக அவிழ்க்காமலே விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர் சொல்கிறது. அவர்களை ஏவியவர் உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயிரம் வருடத்து வழக்கு. ஒருதரம் இதை மர்ம நாவலாக, யார் எந்த நேரம் எங்கே நின்றார் என்று கொப்பியில் குறித்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

முடிவு தெரிந்த கதையில் பதற்றம் இருக்குமா? கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்த முல்லைத்தீவு ஆட்களைக் கேளுங்கள். பொற்கொல்லன் வரும்போது ஒவ்வொருதரமும் நெஞ்சு அடிக்கும். ஃபிரெடரிக் ஃபோர்சித் 1971இல் இதைத்தான் செய்தார். 'த டே ஒஃப் த ஜக்கால்' நாவலில் ஒரு கூலிக்கொலையாளி பிரான்ஸ் ஜனாதிபதி டி கோலைக் கொல்லப் புறப்படுகிறான். டி கோல் 1970இல் தன் வீட்டில் இயற்கையாகச் செத்தவர், அது உலகத்துக்கே தெரியும். இருந்தும் பக்கம் புரட்டுகிற கை நிற்காது. பொய்க் கடவுச்சீட்டு, பிரித்துப் பூட்டுகிற துப்பாக்கி என்று வேலை நடக்கிற விதத்தை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார். யப்பானின் ஹிகாஷினோ கெய்கோ 2005இல் எழுதிய 'சந்தேகநபர் எக்ஸ்' நாவலும் அப்படி. கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே தெரியும். ஒரு கணித ஆசிரியர் அந்தக் கொலையை எப்படி மறைத்தார் என்பதே புதிர். கணிதப் பிரிவுப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கடைசியாக எங்கள் நாட்டுக் கதைகள் இரண்டு. மைக்கேல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்', 2000. தடயவியல் படித்த ஒரு பெண், பெயர் தெரியாத ஒரு எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடுகிறாள். ஷெஹான் கருணாதிலக்கவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா', 2022இல் புக்கர் பரிசு பெற்றது. 1990இன் கொழும்பில் கொல்லப்பட்ட ஒரு புகைப்படக்காரன், செத்தபிறகு தன் கொலையாளியைத் தானே தேடுகிறான். இரண்டும் மர்ம நாவலின் எலும்பில் எழுந்தவை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களோடு இருந்தார்கள். என் பிள்ளை எங்கே, யார் கொண்டுபோனது, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு மர்ம நாவலின் முதல் பக்கத்தில் இருக்கிற கேள்விகள் அவை. அவர்களுக்கு இன்னும் இரண்டாம் பக்கம் கிடைக்கவில்லை. பதில் வராத கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எங்கள் பிள்ளைகள் அறியவேண்டும். சான்று என்றால் என்ன, வதந்தி என்றால் என்ன, ஒருவர் சொன்னதை எதை வைத்து நம்புவது என்று பழகவேண்டும். அதற்காகவும் இவற்றைக் கொடுக்கிறேன்.

நான் சொன்னவற்றில் கிடைத்ததையெல்லாம் அந்த மேசையில் வைத்திருக்கிறேன், நூலகத்துக்கே கொடுத்துவிட்டேன். பெயரைப் பதிந்து எடுங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கவேண்டாம், பென்சிலால் ஓரத்தில் கொலைகாரன் பெயரை எழுதவேண்டாம். பரீட்சைப் பெறுபேறுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் முதலில் வரட்டும். வாசித்தவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள், யாரை எந்தப் பக்கத்தில் சந்தேகப்பட்டீர்கள் என்று கதைப்போம். வணக்கம்.