திருப்பூருக்கு ஒரு போன்

நேயர்களுக்கு வணக்கம். நான் அட்டைப்பெட்டி செய்து விற்கிறவன். பின்னலாடை ஏற்றுமதிக்குப் போகும் மாஸ்டர் கார்ட்டன், அதாவது பெரிய வெளிப்பெட்டிதான் என் சரக்கு. முன்பின் தெரியாத கம்பெனிக்குப் போன் போட்டு ஆர்டர் பிடிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

என் முதல் போனில் இருந்தே தொடங்குகிறேன். எழுதிவைத்ததை மூச்சுவிடாமல் படித்தேன். அட்டையில் எத்தனை அடுக்கு என்கிற ஐந்து பிளை, ஏழு பிளை கணக்கு, கிராஃப்ட் பேப்பர், எங்கள் மெஷின், எல்லாம். பொறுமையாகக் கேட்ட பெரியவர், "தம்பி, இது சாயப்பட்டறைங்க. துணி ரோலாத்தான் போகுது. பெட்டியை வச்சு நான் என்ன பண்றது?" என்றார். கூசிப்போனேன். திருப்பூரில் நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாம் தனித்தனி யூனிட்களில் ஜாப் ஒர்க்காக, கூலிக்கு நடக்கும். பெட்டி வாங்குவது பேக்கிங் நடக்கிற இடம். பெயரைப் பார்த்தேனே தவிர, உள்ளே என்ன வேலை என்று விசாரிக்கவில்லை.

நேரமும் முக்கியம். அங்கே பல கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்றைக்கு மதியத்துக்கு மேல் கூப்பிட்டால் திட்டு வாங்காமல் தப்பித்தாலே பெரிய விஷயம். நான் செவ்வாய், புதனில் பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுவேன்.

போனை முதலில் எடுக்கிற பெண்ணிடம் "எம்.டி.க்குக் கனெக்ட் பண்ணுங்க" என்று அதிகாரம் செய்யக் கூடாது. "பெட்டி பர்ச்சேஸ் யாருங்க பாக்கறாங்க? எப்பக் கூப்பிட்டா தொந்தரவா இருக்காது?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். விலைக்குக் கிடைக்கிற செல் நம்பர் லிஸ்டை வாங்கி வரிசையாக அடிக்காதீர்கள். விளம்பர அழைப்பே வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்தவர்களும் அதில் இருப்பார்கள். புகார் போனால் உங்கள் இணைப்புக்கே ஆபத்து.

சரி, ஆள் கிடைத்தாயிற்று. பெயர், ஊர், சரக்கு, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நான் கேட்பது இதுதான்: "மழைக்காலத்துல அடி அடுக்குப் பெட்டி அமுங்குதுங்களா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அந்த நாலு விநாடி மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். அட்டை ஈரத்தை இழுத்தால் வலு குறையும். மேலே ஏழெட்டுப் பெட்டி அடுக்கினால் கீழே இருப்பது நசுங்கும். குடோனில் இதைப் பார்த்து நொந்தவர் அடுத்த ஐந்து நிமிடம் தானே பேசுவார். அமுங்கவே இல்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன்.

"கொட்டேஷன் அனுப்புங்க" என்றால் துள்ளிக் குதிக்காதீர்கள். பாதி நேரம் அது போனை வைக்கச் சொல்கிற மரியாதையான வழி. "அளவு சொல்லுங்க, அதுக்கே ஒரு சாம்பிள் பெட்டி போட்டுக் கொண்டுவர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். வாங்குகிற எண்ணம் இருப்பவர் அளவு சொல்வார். இல்லாதவர் "மெயில்ல போடுங்க" என்பார்.

ஒருவர் "தீபாவளிக்கு அப்புறம் பாக்கலாம்" என்றார். நோட்டில் குறித்துக்கொண்டேன். ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி மெஷின் ஓடத் தொடங்கட்டும் என்று காத்திருந்து, பத்தாம் நாள் கூப்பிட்டேன். "அட, நெசமாவே கூப்பிட்டுட்டீங்களே!" என்று சிரித்தார். அப்புறம், "எழுதிக்குங்க. அறுபதுக்கு நாப்பதுக்கு நாப்பது சென்டிமீட்டர், ஐந்து பிளை" என்றார்.