தொப்பிக்குள் விழுந்த சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சபாநாயகர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர், "அமருங்கள், அமருங்கள்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர். அமெரிக்க மாநிலங்களில் கதையே வேறு. அங்கே அவர்தான் அவையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரும், எது கிடப்பில் கிடக்கும் என்பது அவர் கையில். இல்லினாய் மாநிலத்தில் மைக்கேல் மேடிகன் அந்த நாற்காலியில் மொத்தம் 36 ஆண்டுகள் இருந்தார். அமெரிக்காவில் வேறு யாரும் அத்தனை காலம் இருந்ததில்லை.

சிகாகோக்காரர், ஜனநாயகக் கட்சி. 1970இல் மாநிலத்துக்குப் புதிய அரசமைப்பை எழுதிய மாநாட்டில், முப்பது வயதுகூட ஆகாத இவரும் ஒரு பிரதிநிதி. அதில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதி எல்லைகளைத் திருத்த வேண்டும். சட்டமன்றத்தால் முடியாவிட்டால், கட்சிக்கு நான்கு பேராக ஓர் ஆணையம். அங்கேயும் இழுபறி என்றால், இரு கட்சியில் ஒன்றைச் சேர்ந்த ஒன்பதாவது ஆளைத் திருவுளச்சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அவர் எந்தக் கட்சியோ, எல்லை போடும் பெரும்பான்மை அந்தக் கட்சிக்கு. சீட்டுக்குப் பயந்தாவது சமரசம் பேசுவார்கள் என்று எண்ணம். யார் பயந்தார்கள்? இரண்டு கட்சியும் துணிந்து ஆடிப் பார்த்தன.

1981இல் சீட்டு ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது. மேடிகன் பார்த்துப் பார்த்து எல்லைகளைப் போட்டார். 1983இல் சபாநாயகர் ஆனார். 1991 சீட்டு குடியரசுக் கட்சிக்குப் போனது. 1995இல் பதவியும் போனது. ஆனால் எதிராளி போட்ட அதே எல்லைகளுக்குள் 1996 தேர்தலில் ஜெயித்து, அடுத்த ஆண்டே திரும்பி வந்தார் பாருங்கள், அது அதிர்ஷ்டம் இல்லை, சாமர்த்தியம். 2001இல் லிங்கனுடையதைப் போன்ற உயரத் தொப்பிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டு மறுபடி இவர் பக்கம். லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். தொப்பி கட்சி மாறிவிட்டது போலும்!

1988 ஜூன் 30 இரவு இன்னொரு கூத்து. ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு மைதானம் கட்டும் மசோதா நள்ளிரவுக்குள் நிறைவேற வேண்டும். தாண்டினால் கூடுதல் வாக்குகள் தேவை. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மேடிகனுடைய அவைப் பதிவேட்டில் மட்டும் மணி 11.59.

2021 ஜனவரியில் சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டார்கள். மறுபடி சபாநாயகர் ஆகத் தேவையான 60 வாக்குகள் தேறவில்லை. அப்புறம் வழக்கு. மசோதாக்களில் தயவு கிடைக்கும் என்று ஒரு மின்சார நிறுவனம், வேலையே பார்க்காத அவருடைய ஆட்களுக்குப் பணம் கொடுத்து வந்திருக்கிறது. செல்போன், மின்னஞ்சல் பக்கமே போகாதவர் என்று பேரெடுத்த மனிதர். அரசுத் தரப்புக்குக் கைகொடுத்ததோ ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகள். 2025 பிப்ரவரியில் 23 குற்றச்சாட்டுகளில் பத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு. ஜூனில் ஏழரை ஆண்டு சிறை, 25 லட்சம் டாலர் அபராதம். அப்போது அவருக்கு வயது 83.

நன்றி, வணக்கம்.