டிக்கெட்டில் இருக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். கடைக்கு வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்பது, "சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரங்க?"

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். துபாயும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் ஒரே வீட்டில் அண்ணன் கிழக்கே, தம்பி மேற்கே என்று இருப்பார்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளும் ஒரே தொலைவு.

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பறக்கும். அப்படிப் பார்த்தால் மூன்றரை மணி நேரத்தில் சிங்கப்பூர் வந்துவிட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் 4 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். விமானம் நிற்கும் இடத்தைவிட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க இடம் கிடைக்கும்வரை சுற்றுவது எல்லாம் அதில் சேர்த்தி. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போன தலைமுறைக்கு இதே பயணம் நாள் கணக்கு.

அப்புறம் கடிகாரக் குழப்பம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால்; துபாய் ஒன்றரை மணி பின்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். இரவு 1 மணிக்குத் திருச்சியில் கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்குவது அங்கத்திய நேரப்படி காலை 7.45. ஆறே முக்கால் மணி நேரம் போலத் தெரியும், பறந்தது நாலேகால்தான். திரும்பும்போது 9 மணிக்குக் கிளம்பி 10.45-க்கு வந்து நிற்கும். ராகு காலத்தை எந்த ஊர் நேரப்படி பார்ப்பது என்று ஒரு பெரியவர் கேட்டார். "வீட்டுப் படி இறங்கும் நேரத்துக்குப் பாருங்க ஐயா, விமானம் நம்ம கையில இல்ல" என்றேன்.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்றும் சொல்ல முடியாது. 2016-இல் ஏர் இந்தியா, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை மேற்கே போகும் அட்லாண்டிக் வழியிலிருந்து கிழக்கே போகும் பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆகிவிட்டது. பயண நேரமோ குறைந்தது. காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று. கொள்ளிடத்தில் வெள்ளத்தோடு போகும் பரிசல் மாதிரி, அது விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து திருச்சிக்குக் காரில் 3 மணி நேரத்துக்குக் குறையாது. விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். ஆக, பறக்கும் நேரத்தைவிடத் தரையில் போகும் நேரம்தான் அதிகம்.

இதைவிடப் பெரிய கண்டம் தேதி. 12-ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால், 11-ஆம் தேதி சாயங்காலமே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 12-ஆம் தேதி இரவுக்கு வேன் பேசி, சொந்தபந்தம் எல்லாம் மாலையோடு வந்து இறங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். அந்த டிக்கெட்டுக்கு விமான நிலையக் கட்டணம் மாதிரிச் சின்னத் தொகைதான் பெரும்பாலும் திரும்பி வரும். அதனால் 00 என்று தொடங்கும் டிக்கெட் கொடுத்தால், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய தேதியையும் கிழமையையும் அதன்மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.