நூற்றுக்கு எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். டெல்லியில் 30 வருடம் உளவுத் தகவல்களைப் படித்து ஆய்வுக் குறிப்பு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு தம்பி கேட்டார்: "சார், இனி ரேடியோவில் அரசியல் பேசலாமே?"

அமெரிக்காவில் அப்படிப் போனவர்கள் உண்டு. சி.ஐ.ஏ.வில் ஆய்வாளராக இருந்தவர் பக் செக்ஸ்டன். வானொலியில் அரசியல் பேசியே புகழ்பெற்ற ரஷ் லிம்பா 2021 பிப்ரவரியில் காலமானார். அவருடைய நேரத்தில் அதே ஆண்டு ஜூன் முதல் செக்ஸ்டன், கிளே டிராவிஸுடன் சேர்ந்து பேசுகிறார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரம்தான் எனக்குக் கவலை. எங்கள் மேசையில் தகவலை மட்டும் சொன்னால் போதாது. அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் எழுத வேண்டும். 1951-ல் யூகோஸ்லாவியா மீது சோவியத் அணி படையெடுக்கக் 'கணிசமான வாய்ப்பு' இருப்பதாக ஓர் அமெரிக்க மதிப்பீடு சொன்னது. அதில் பங்கெடுத்த ஷெர்மன் கென்ட் மனதில் வைத்திருந்தது நூற்றுக்கு 65. அப்புறம் சகாக்களை விசாரித்தால், ஒருவருக்கு அது 20, இன்னொருவருக்கு 80! அத்தனை பேரும் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதித்தவர்கள். இதைப் படித்த நாள் முதல் 'வாய்ப்பு' என்று எழுதும்போதெல்லாம் என் பேனா தயங்கும்.

மைக் முன்னால் தயங்க முடியுமா? நேயர் தொலைபேசியில் காத்திருக்கிறார். 'ஒருவேளை' என்றால் சோர்ந்துவிடுவார், 'நிச்சயம்' என்றால் நாளையும் கேட்பார். பேசுபவர் முன்னாள் உளவு அதிகாரி என்றால், அவருடைய வெறும் ஊகம்கூட ரகசியத் தகவல் போலக் காதில் விழும். எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது இதுதான்.

நம் நாட்டில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது, ஆகாசவாணி செய்தியைத்தான் அப்படியே ஒலிபரப்பலாம். அதனால் இந்த வகை நிகழ்ச்சி இங்கே வளரவில்லை. உளவு அமைப்புகளில் இருந்தவர்கள் அந்தத் துறை பற்றி எதையும் வெளியிடும் முன் அனுமதி பெற வேண்டும் என்று 2021-ல் ஓய்வூதிய விதியும் இறுகியது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. தகவல் தந்தவர்களின் உயிரை நினைத்தால், சரி, அது தேவைதான். இந்த உரைக்கும் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன்.

அந்தத் தம்பியிடம் ஒரு நிபந்தனை போட்டேன். நான் எதை அடித்துச் சொன்னாலும், "நூற்றுக்கு எவ்வளவு சார்?" என்று அங்கேயே கேட்க வேண்டும். சம்மதித்துவிட்டார்.