பாஸ்வேர்டைக் கையில் வாங்காத மின்னஞ்சல் செயலி

நேயர்களுக்கு வணக்கம்.

"பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போடுகிறேன், ஆனாலும் தண்டர்பேர்ட் ஏற்க மாட்டேன் என்கிறது." தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியைப் பற்றி இப்படிச் சொல்பவர்கள் மேல் தவறில்லை. கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு வெளிச் செயலிகள் உள்ளே வரும் பழைய வழியை, தனிநபர் கணக்குகளுக்கு ஜிமெயில் 2022 மே இறுதியில் மூடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் அஞ்சல் சேவையான அவுட்லுக் டாட் காம் 2024 செப்டம்பரில் மூடியது.

மூடியது நல்லதுதான். அந்த ஒரு பாஸ்வேர்ட் அஞ்சலுக்கு மட்டுமா? படங்கள், கோப்புகள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் அது திறந்துவிடும். அதை அப்படியே ஒரு செயலியிடம் ஒப்படைத்திருந்தோம். ஃபோனுக்கு வரும் எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கவும் அந்த வழியில் இடமில்லை.

புதிய முறையின் பெயர் ஓஆத் 2. செயலி உங்களை ஜிமெயிலின் சொந்த உள்நுழைவுப் பக்கத்துக்கே அழைத்துப் போகும். பாஸ்வேர்ட், ஃபோனுக்கு வந்த எண் எல்லாம் அங்கேதான். இந்தச் செயலி உங்கள் அஞ்சலைப் படிக்கலாமா, அனுப்பலாமா என்று அந்தப் பக்கம் கேட்கும். சரி என்றால் செயலிக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். அது ஓர் அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். பாஸ்வேர்ட் செயலியில் சேமிக்கப்படுவதில்லை.

தண்டர்பேர்டின் கணக்கு அமைப்புகளில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும், பலரும் குழம்புவது இங்கேதான். ஒன்று இணைப்பின் பாதுகாப்பு: வழியில் யாரும் ஒட்டுக் கேட்காமல் காப்பது. ஜிமெயிலிலிருந்து அஞ்சலைப் பெறும் ஐமேப் முறை என்றால் அங்கே எஸ்எஸ்எல் என்ற மறையாக்கம், போர்ட் எனும் வாயில் எண் 993. மற்றொன்று நீங்கள் யார் என்று காட்டும் முறை. ஓஆத் 2 என்று மாற்ற வேண்டியது இதைத்தான்.

அப்புறம், அஞ்சல் அனுப்பும் சர்வரின் அமைப்பு தனியாக, பட்டியலின் அடியில் இருக்கும். அங்கேயும் மாற்றுங்கள். அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் முதலில் நான் பார்க்கச் சொல்வது அதைத்தான். உள்நுழைவுப் பக்கம் பாதியில் நின்றுபோனால், தண்டர்பேர்டில் குக்கீகளுக்கு, அதாவது இணையப் பக்கங்கள் சேமித்துவைக்கும் சிறு குறிப்புகளுக்கு, அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓஆத் தெரியாத பழைய செயலியா? இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, அதற்கென்று 16 எழுத்துகள் கொண்ட தனி பாஸ்வேர்டை ஜிமெயிலில் உருவாக்கலாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

லேப்டாப் தொலைந்துவிட்டதா? வேறொரு கருவியிலிருந்து கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், தண்டர்பேர்டுக்குக் கொடுத்த அனுமதியை உடனே நீக்குங்கள். ஏற்கெனவே இறங்கிய அஞ்சல்கள் அந்த லேப்டாப்பில்தான் இருக்கும். புதிதாக எதுவும் அங்கே போய்ச் சேராது.